அடிப்பவரின் கை

வீட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் கடையில் போட்டுக் காட்டச் சொல்வது பெரும்பாலும் மேளம் அதிரும் பாட்டைத்தான். அது சரியான சோதனை. குரலைக் கொஞ்சம் கெடுத்துக் கொடுத்தாலும் காது பொறுத்துக்கொள்ளும். இரைச்சலான போனில் பேசினாலும் அம்மா அம்மாதான். விட்டுப்போனதை மனம் நிரப்பிக்கொள்கிறது. மேளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. தெருமுனையில் சட்டி மேளம் கேட்டால் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிற குழந்தை, அதே அடி டிவியில் வந்தால் தலையைத் திருப்புவதில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தாலும் திருப்புவதில்லை. அப்படியானால் பெட்டிக்குள் குறைவது சத்தம் அல்ல. வேறு ஏதோ ஒன்று வழியில் தொலைந்துவிடுகிறது. அது என்ன?

நான் இருப்பது சென்னைப் புழலில். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் ஜி.என்.டி. சாலை. ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் ஓடும். அவற்றின் உறுமலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும்; ஆனாலும் எழுந்து பார்ப்பவர் யாரும் இல்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாளில் பம்பையும் உடுக்கையும் எழுந்தால், லாரியைவிட அது சின்னச் சத்தம்தான், தெரு மொத்தமும் நிமிர்கிறது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் சாவு வீட்டில் முதல் அடி விழுந்ததுமே "யார் வூடு?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் புறப்பட்டுவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் மேளம் என்பது கேட்டு ரசிப்பதற்கு முன்னால் எழுந்து போவதற்கான அழைப்பு. கேட்பவரை எழுப்பும் அந்த வலிமையைப் பதிவு செய்து, ஒரு பெட்டியில் போட்டு, பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் திரும்ப எழுப்ப முடியுமா என்பதுதான் ஸ்பீக்கர் தேடுகிறவன் உண்மையில் கேட்கும் கேள்வி.

ஓர் அடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பறை. மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல். அடிப்பதற்கு முன்னால் தீ மூட்டிக் காய்ச்சுவார்கள். ஈரம் போய்த் தோல் விறைத்தால்தான் குரல் கிளம்பும். ஒரு கையில் மெல்லிய நீளமான குச்சி, மறு கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. குச்சி தோலைத் தொட்ட கணத்திலிருந்து ஒலி அதன் உச்சிக்கு ஏற, ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளே ஆகின்றன. அந்த ஏற்றத்துக்குள் எல்லாச் செய்தியும் அடங்கியிருக்கிறது: விரலா குச்சியா, நடுவிலா விளிம்பிலா, தோல் காய்ந்திருக்கிறதா தளர்ந்திருக்கிறதா, அடித்தவர் கோபமாக இருக்கிறாரா களைத்திருக்கிறாரா. அதற்குப் பிறகு வருவது நாதம். ஏற்றம் மழுங்கினால் நாதம் மட்டும் மிஞ்சும். அப்போது பறையும் தவிலும் டிரம்ஸும் ஒரே "தும்" ஆகிவிடும்.

நாதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. சர் சி.வி. ராமன் 1920-ல், நோபல் பரிசுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இந்தியத் தாளக் கருவிகளைப் பற்றி எழுதினார். 1934-ல் அதை விரித்து இன்னொரு கட்டுரை. வெறும் வட்டத் தோல் எழுப்பும் மேல்சுருதிகள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறும்; அதனால்தான் உலகின் பெரும்பாலான முரசுகளுக்குச் சத்தம் உண்டு, திட்டமான சுருதி இல்லை. மிருதங்கத்திலும் தபலாவிலும் தோலின் நடுவே கல்பொடியோ இரும்புப்பொடியோ சோற்றோடு சேர்த்து அப்பும் கரிய பசை, அந்தச் சிதறலை ஒழுங்கு செய்து, தந்திக் கருவியைப் போல இசைவான மேல்சுருதிகளாக மாற்றிவிடுகிறது என்பதை அவர் நிறுவினார். அவர் நிறுவினார், கண்டுபிடித்தவர்கள் தோல் வேலை செய்தவர்கள். எந்தச் சமன்பாடும் இல்லாமல், பூசித் தட்டிக் கேட்டு, சுரண்டிவிட்டு மறுபடி பூசி, காதால் அந்த இடத்தை அடைந்தவர்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் வரும்வரை அந்தக் குடும்பங்களின் பெயர்கள் கச்சேரிக்குப் போகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. இந்தப் பெயர் தெரியாமை ஸ்பீக்கர் விஷயத்தோடு எப்படிச் சேர்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பெட்டி. 1925-ல் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் அமெரிக்காவில் வடிவமைத்த ஸ்பீக்கரும் இன்று சென்னை ரிச்சி தெருவில் தொங்குகிற ஸ்பீக்கரும் அடிப்படையில் ஒன்றே: காந்தத்துக்குள் ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய கூம்பு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளும். வயலினுக்கு இது சுலபம். மேளத்துக்கு அந்தக் கூம்பு சும்மா இருந்த நிலையிலிருந்து சட்டென்று பாய வேண்டும். பாய்ந்த பின் சட்டென்று நிற்கவும் வேண்டும். இரண்டில் கடினமானது நிற்பதுதான். மலிவான பெட்டிகள் அடி முடிந்த பிறகும் தாமாகக் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருக்கும். அதைத்தான் நாம் "பேஸ் நல்லா இருக்கு" என்று பாராட்டுகிறோம். இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய வெற்றிடத்தை அந்த முனகல் தின்றுவிடுகிறது. சட்டி அடிப்பவர் வேகம் கூட்டிக்கொண்டு போகும்போது அடிகள் கலங்கிக் குழம்பாகின்றன. மேளக்காரர் ஒவ்வொரு அடிக்கும் நடுவே விடும் இடமும் அவர் வாசிப்புதான். அதை விழுங்குகிற பெட்டி, எவ்வளவு பெரிய பேஸ் கொடுத்தாலும், மேளத்துக்கு லாயக்கில்லை.

பல பெட்டிகளில் முன்னாலோ பின்னாலோ ஓர் ஓட்டை இருக்கும். கூம்பின் பின்பக்கக் காற்றை அதன் வழியே விட்டு அடித்தொனியைத் தூக்கிக் காட்டும் உத்தி. நன்றாகக் கணக்கிட்டுச் செய்த பெரிய பெட்டியில் அது தொல்லை இல்லை. நாலு அங்குல ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பன்னிரண்டு அங்குல வேலையைக் காட்டப் பார்க்கும் சின்னப் பெட்டியில் அந்த ஓட்டைதான் முனகலின் வாய். இப்படிப்பட்ட பெட்டிக்கும், ஓட்டையில்லாமல் அடைத்த பெட்டிக்கும் இடையே தேர்வு வந்தால், ஆழம் கொஞ்சம் குறைந்தாலும் அடைத்த பெட்டியையே எடுக்கச் சொல்வேன். பேஸ் குறைந்த மேளத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நிற்காத மேளத்தைக் கேட்க முடியாது.

அடுத்தது, கடைக்காரர்கள் சொல்லாமல் விடும் கணக்கு. ஸ்பீக்கரின் பின்னால் அல்லது அட்டைப்பெட்டியில் சென்ஸிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது அது. 85 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 டெசிபல் வேண்டுமானால் 10 வாட் வேண்டும். 105-க்கு 100 வாட். 115-க்கு 1,000 வாட். அதற்குள் சுருள் வெந்துவிடும். பத்துப் பத்து டெசிபலாக ஏறும்போது மின்திறன் பத்துப் பத்து மடங்காகப் பெருகுகிறது. அதே 105-ஐ 95 டெசிபல் ஸ்பீக்கர் வெறும் 10 வாட்டில் எட்டும். பறையின் பக்கத்தில் நின்றால் அடியின் உச்சி 110 டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நாம் வீட்டில் கேட்பது சராசரியாக 75, 80 இருக்கலாம். ஆனால் அந்தச் சராசரிக்கு மேலே அடியின் உச்சி இருபது டெசிபல் எகிறும். அதாவது அந்தக் கணத்துக்கு மட்டும் நூறு மடங்கு மின்திறன் தேவை. கையிருப்பு இல்லாத ஆம்ப்ளிஃபையரும் சென்ஸிடிவிட்டி குறைந்த ஸ்பீக்கரும் சேர்ந்தால், அந்த உச்சி சீவப்பட்டுவிடும். பெரிய அடியும் சின்ன அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். அதற்கு ஒழுங்கான அளவுகோல் எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எத்தனை என்று கேளுங்கள். கூம்பின் அகலத்தையும் பாருங்கள். ஒரே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும் என்பது இயற்பியல். சின்னக் கூம்புக்கு அந்த ஆட்டம் சாத்தியமில்லை, எந்த விளம்பரம் என்ன சொன்னாலும். பன்னிரண்டு அங்குலக் கூம்பின் பரப்பு நாலு அங்குலத்தினுடையதைப் போல ஒன்பது மடங்கு. சென்னையில் பழைய பெரிய பெட்டிகள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் ரிச்சி தெருவின் சந்துகளிலும் கிடைக்கின்றன. கூம்பின் ஓரத்து ஃபோம் உதிர்ந்திருந்தால் மாற்றித் தரும் ஆட்களும் அங்கேயே இருக்கிறார்கள். குறைந்த காசில் உண்மையான மேளம் கேட்க நினைப்பவருக்கு, புத்தம்புதிய சின்ன ஹோம் தியேட்டர் செட்டைவிட இந்தப் பழைய பெட்டிகள் மேல்.

அப்படி ஒரு கடையில் நின்றிருந்தபோது கடைப் பையன் சினிமாக் குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டு, "சார், நெஞ்சுல வந்து அடிக்குது பாருங்க சார்" என்றான். அடித்தது உண்மை. நான் கொண்டுபோயிருந்த தவில் பதிவைப் போடச் சொன்னேன். தவில் வலந்தலையில் விரல்களில் மாட்டிய கூடுகள் விழும். இடது பக்கம் குச்சி. ஒரே கருவியில் இரண்டு விதமான அடி, ஒன்று தெறிக்கும், ஒன்று இறங்கும். அந்தப் பெட்டியில் இரண்டும் ஒரே கனமாக, ஒரே குண்டாக வந்தன. பையனே முகத்தைச் சுளித்தான். "இது பாட்டு சரியில்ல சார்" என்றான். பாட்டு சரியாகத்தான் இருந்தது. நெஞ்சில் அடிப்பதற்காகச் செய்த பெட்டி, யார் அடித்தாலும் தன் அடியையே அடிக்கும்.

அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள கான்கிரீட் அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி வீங்கும். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் வீக்கம் இரட்டிப்பு. டிரம்ஸ் செட்டின் காலடி முரசு அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியை மூலையில் திணிக்காமல் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். துணி, மெத்தை, புத்தக அலமாரி எல்லாம் உதவி செய்யும். இரும்பு பீரோவின் கதவு கூடவே பாடுகிறதா என்றும் பாருங்கள். இவ்வளவு செய்தாலே, ஆயிரக்கணக்கில் செலவழித்து வேறு பெட்டி வாங்குவதைவிடப் பெரிய மாற்றம் தெரியும்.

இத்தனையும் செய்து முடித்து, நல்ல பெட்டி, கையிருப்புள்ள ஆம்ப்ளிஃபையர், அடக்கமான அறை எல்லாம் அமைந்த பிறகும் சில பதிவுகளில் மேளம் செத்தே கிடக்கும். அங்கேதான் விஷயம் பெட்டியைத் தாண்டுகிறது.

எடிசன் நிறுவனம் 1915 முதல் சில ஆண்டுகள் அமெரிக்க நகரங்களில் ஒரு வேடிக்கை நடத்தியது. மேடையில் பாடகர் நிற்பார்; பக்கத்தில் எடிசன் இயந்திரம். விளக்கை அணைத்துவிட்டு, பாடுவது மனிதரா இயந்திரமா என்று கூட்டத்தைக் கேட்பார்கள். பலரால் சொல்ல முடியவில்லை. அதில் பாடிய அன்னா கேஸ் என்ற பாடகி பிற்காலத்தில் ரகசியத்தைச் சொன்னார்: இயந்திரத்தின் சத்தத்துக்குப் பொருந்தும்படி அவர் தன் குரலைத் தணித்துப் பாடியிருந்தார். இயந்திரம் மனிதர் அளவுக்கு உயரவில்லை. மனிதர் இயந்திர அளவுக்குத் தாழ்ந்தார். கூம்புக்குழல் வழியாகப் பதிவு செய்த அந்தக் காலத்தில் பெரிய முரசுகளைப் பதிவறைக்குள் விடவே தயங்கினார்கள். அடியின் வேகத்தில் வெட்டூசி தடம் மாறிவிடும். தணித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. தணிய முடியாத கருவிக்கு வெளியே நில் என்று பதில்.

இன்று ஊசி இல்லை. ஆனால் பதிவறையில் கம்ப்ரஸர் இருக்கிறது. பெரிய ஒலியை அழுத்தி, சின்ன ஒலியைத் தூக்கி, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிச் சமன் செய்வதுபோல் பாட்டு முழுவதையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும் கருவி. ஆட்டோவிலும் செல்போனிலும் எல்லாமே கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள். குறுந்தகடு வந்த 1982-லேயே தொண்ணூறு டெசிபலுக்கு மேல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வசதி நமக்குக் கிடைத்துவிட்டது. கிடைத்த வசதியை நாம் பயன்படுத்தவில்லை. பழைய இசைத்தட்டைவிடக் குறுகலான ஏற்ற இறக்கத்தோடு பாட்டுகளை வெளியிட்டோம்.

எங்கள் பக்கத்துச் சட்டி மேளக்காரத் தம்பி ஒருவன், அவன் அடித்த கானாப் பாட்டு ஒன்று வெளிவந்தபோது என் வீட்டுக்கு வந்து கேட்டான். பெரிய பெட்டியில், நல்ல சத்தத்தில். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அடி எல்லாம் இருக்குண்ணா. ஆனா நான் எங்க தூக்குனேன், எங்க வுட்டேன்னு தெரியலண்ணா." அதற்கு மேல் எந்த ஒலிப்பொறியாளரும் இதைத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவன் அடித்த அடி ஒன்றுகூடத் தொலையவில்லை. அடிகளுக்குள் அவன் வைத்திருந்த தரவரிசை தொலைந்துவிட்டது. எதை எவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டும் என்ற அவன் முடிவை, அவனைக் கேட்காமல் வேறொருவர் மாற்றிவிட்டார்.

நேரில் கேட்கும் மேளத்துக்கும் பதிவில் கேட்கும் மேளத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தெருவில் மேளம் வரும்போது அதன் ஒலியளவு முழுக்க முழுக்க அடிப்பவர் கையில் இருக்கிறது. கேட்கும் நம்மிடம் திருகு இல்லை. அவர் மெதுவாக்கினால் நாம் காதைத் தீட்ட வேண்டும். ஓங்கினால் தாங்க வேண்டும். ஓடிப்போய்ப் பார்க்கும் குழந்தை அதற்குத்தான் ஓடுகிறது: தன்னால் கூட்டவோ குறைக்கவோ முடியாத ஒருவர் அங்கே வந்திருக்கிறார். பதிவில், பதிவறைக்காரர் ஒரு திருகைப் பிடிக்கிறார், வெளியிடுகிறவர் இன்னொன்றை, பெட்டி செய்தவர் தன் முனகலைச் சேர்க்கிறார், கடைசியில் நம் விரல். அடிப்பவர் கையைத் தவிர மற்ற எல்லார் கையும் அந்த அடியின் மேல் இருக்கிறது.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் இதை உணர்ந்திருந்தார். மைக் வைத்த மேடையில் மிருதங்கம் வாசிக்க மாட்டேன் என்று அவர் நின்ற காலம் ஒன்று உண்டு. வறட்டுப் பிடிவாதம் என்று அப்போது பேசினார்கள். எனக்கு அது பிடிவாதமாகப் படவில்லை. தன் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் பாடகரின் குரலுக்கு எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்பதைத் தன் உள்ளங்கை தீர்மானிக்க வேண்டும், மண்டபத்தின் மூலையில் உட்கார்ந்திருக்கும் மைக்செட்காரர் அல்ல என்பதுதான் அவர் கேட்டது. அவ்வளவு பெரிய மேதைக்கே, ஒரு மிருதங்க வித்வான் என்ற முறையில் முதன்முதலாகச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது 1966-ல். மியூசிக் அகாதெமி தொடங்கி நாற்பது ஆண்டுகளை நெருங்கிய பிறகு. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துக்கு அந்த மேடை எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மிருதங்கத்துக்கே இந்த நிலை என்றால் பறைக்கு? பறையடித்தவர்களின் ஒலியளவை நம் ஊர் எப்போதும் வெளியிலிருந்தே தீர்மானித்தது. சாவுக்கு வா, சபைக்கு வராதே. தெருவோடு போ, வாசற்படி ஏறாதே. கூப்பிட்டபோது அடி, போதும் என்றபோது நிறுத்து. திரைப்பாட்டு வந்தபோதும் அந்த அடிதான் பாட்டைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் கேசட் அட்டையில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர் இருக்கும், அடித்தவர் பெயர் இருக்காது. பதிவில் அந்த அடி பின்னால் தள்ளப்பட்டிருந்ததற்கும் அட்டையில் பெயர் விடப்பட்டதற்கும் காரணம் ஒன்றே. ஸ்பீக்கர் இதைச் சரிசெய்ய முடியாது. சமூகம் ஒரு கருவிக்கு எவ்வளவு இடம் கொடுத்ததோ அவ்வளவு இடத்தைத்தான் பதிவறை கொடுக்கிறது; பதிவறை கொடுத்ததைத்தான் பெட்டி கொடுக்கும். நல்ல ஸ்பீக்கர் அந்த அநீதியையும் துல்லியமாகக் கேட்கவைக்கும். அது அதன் குறையல்ல, நேர்மை.

அதனால்தான் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் மேடை எனக்கு ஒலி சம்பந்தப்பட்ட நிகழ்ச்சியாகவும் படுகிறது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவில் கிட்டாரும் டிரம்ஸும் இருந்தன. அவற்றோடு சட்டியும் பறையும் கட்ட மோளமும் பின்னணியாக அல்லாமல் சம வரிசையில் நின்றன. கானா பாடுகிறவர்களும் சாவு வீட்டில் அடித்துப் பழகிய கைகளும், தங்கள் அடிக்குத் தனி மைக், தனி இடம், தங்கள் பெயர் ஆகியவற்றோடு மேடை ஏறின. 2025-ல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவை தாமதமாக வந்தவை. ஆனால் வந்த பிறகு வெளியாகும் பதிவுகளில் சிலவற்றை நல்ல பெட்டியில் போட்டுக் கேட்டால், மேளம் முன்னே வந்து நிற்பது தெரிகிறது. பெட்டி மாறவில்லை. ஒலிப்பலகையில் உட்கார்ந்தவர் மனம் மாறியிருக்கிறது.

இதற்கெல்லாம் மறுபக்கம் ஒன்று உண்டு. புழலின் நெருக்கமான குடியிருப்பில் 110 டெசிபல் பறையை அதன் முழு அளவில் வைத்துக் கேட்பது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குச் செய்யும் கொடுமை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் எல்லை வகுத்திருக்கின்றன; இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கும் தடை. அதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் நேரில் கேட்பதுபோன்ற மேளம் வீட்டில் சாத்தியமே இல்லையா?

சாத்தியம். ஏனென்றால் உயிர் இருப்பது மொத்தச் சத்தத்தில் அல்ல, அடிகளுக்கு இடையே உள்ள விகிதத்தில். என் அறையில் மொத்தம் எவ்வளவு ஒலி என்பதை நான் தீர்மானிக்கலாம். அது என் உரிமை, என் அண்டை வீட்டாரின் உரிமை. ஆனால் எந்த அடி எந்த அடியைவிடப் பெரியது, எங்கே ஓங்கியது, எங்கே விட்டது, எங்கே இடைவெளி என்பது அடித்தவரின் உரிமை. அதில் கை வைக்க எனக்கோ பதிவறைக்கோ பெட்டிக்கோ அதிகாரம் இல்லை. திருகை இறக்கி வைத்து மெல்லிய சத்தத்தில் கேட்கும்போதும் அந்த விகிதம் குலையாமல் நின்றால், அந்த மேளத்துக்கு உயிர் இருக்கிறது. பெரிய சத்தத்திலும் அது குலைந்திருந்தால், சுவர் இடிந்தாலும் மேளம் செத்ததுதான். இன்னொருவர் வாசிப்பைக் கேட்பது என்றால், அவர் வைத்த அளவுக்கு நாம் உட்படுவது. அதற்குத் தயாராக இல்லாதவருக்கு எந்த விலைப் பெட்டியும் நேரடி மேளத்தைத் தராது.

கடைக்குப் போகிறவர்களுக்கு இதிலிருந்து வரும் ஆலோசனை எளிதானது. போகும் முன் ஒரு முறையாவது, ஒலிபெருக்கி இல்லாத மேளத்தைப் பத்தடி தூரத்தில் நின்று கேளுங்கள். பறையோ பம்பையோ தவிலோ, கோயில் வாசலிலோ கல்யாண வீட்டிலோ. அந்த நினைவு காதில் சூடாக இருக்கும்போதே கடைக்குப் போங்கள். கடைக்காரர் போடும் பாட்டை விட்டுவிட்டு, அதிகம் அழுத்தப்படாத ஒரு தவில் அல்லது மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைக் கொண்டுபோய், முதலில் மிகக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். சின்ன அடியும் பெரிய அடியும் தனித்தனியாகத் தெரிந்தால் சத்தத்தைக் கூட்டுங்கள். பெரிய அடி மட்டும் வளர வேண்டும், முனகல் வளரக் கூடாது. 90 டெசிபலுக்கு மேல் சென்ஸிடிவிட்டி உள்ள, கூம்பு அகலமான, அடி முடிந்ததும் வாயை மூடத் தெரிந்த பெட்டியை எடுங்கள். பேஸ், ட்ரெபிள் திருகுகளை நடுவிலேயே விட்டுவிடுங்கள்.

பதிவு செய்து வெளியிடுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். செல்போனுக்கு ஒரு பிரதி அழுத்தித் தாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடித்தவர் அடித்தபடியே இன்னொரு பிரதியும் தாருங்கள். இணையத்தில் வெளியிடும் காலத்தில் அதற்குப் பெரிதாகச் செலவில்லை. ஒலிக்கலவை முடியும் முன் மேளக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கே தூக்கினார் எங்கே விட்டார் என்பது சரியாக வந்திருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். பாட்டோடு போடும் விவரத்தில், பாடியவர் பெயருக்குக் கீழே, சட்டி யார், பறை யார், பம்பை யார் என்று எழுதுங்கள்.